பெப்பு வெந்நீரூற்று ஊரில் ஓய்வாகச் சில நாள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் தெற்கே க்யூஷு தீவில், ஓயிட்டா மாகாணத்தின் கடலோரத்தில் இருக்கிறது பெப்பு. அந்த ஊரில் நான் சில ஆண்டுகள் குடியிருந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை, ஜப்பானுக்குப் புறப்படும் உறவினர்களும் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்டுவருகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும், தயங்கித் தயங்கிக் கேட்கப்படுபவை பின்னாலும் வருகின்றன.

ஒன்சென் என்றால் வெந்நீர் நிரப்பிய நீச்சல் குளம்தானே?

இல்லை. ஒன்சென் என்பது பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரூற்றையும், அந்த நீரில் குளிக்கும் இடத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல். ஜப்பானில் இதற்கென்று 1948இல் இயற்றப்பட்ட சட்டமே உண்டு. ஊற்றுக்கண்ணில் நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அல்லது சட்டம் பட்டியலிடும் 19 பொருள்களில் ஏதேனும் ஒன்றாவது உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். குழாய்நீரைக் காய்ச்சித் தொட்டியில் ஊற்றிவிட்டு ஒன்சென் என்று பெயர்ப்பலகை வைக்க முடியாது.

தொட்டிக்குள் யாரும் நீந்துவதில்லை. 40 முதல் 43 டிகிரி வரையிலான நீரில் தோள்வரை அமிழ்ந்து, பேசாமல் அல்லது மெல்லப் பேசிக்கொண்டு, சில நிமிடங்கள் உட்கார்ந்திருப்பதுதான் குளியல்.

ஜப்பானில் இப்படி எத்தனையோ ஊர்கள் இருக்கும்போது பெப்புவை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

இந்த ஒரே ஊரில் 2,000க்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன; ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இத்தனை இல்லை. ஊற்றுநீரை அதில் கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு 10 வகையாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் 7 வகை பெப்புவில் கிடைக்கின்றன. ஊரே எட்டு வெந்நீர்ப் பகுதிகளாக அமைந்தது. அவற்றுள் தெருவோரச் சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி எழும் கன்னாவாவும், மலைமேல் கந்தக வாசனையோடு இருக்கும் மியோபானும் எனக்கு நெருக்கமானவை.

ஆனால் என் பரிந்துரைக்கு முதன்மையான காரணம் வேறு. சில நூறு யென்னுக்குள் குளிக்கக்கூடிய ஊர்ப் பொதுக்குளியலறைகளும், ஒரு இரவுக்குப் பல்லாயிரம் யென் வாங்கும் விடுதிகளும் இங்கே அருகருகே இருப்பதால், எந்த வசதியுடையவரும் அதே நீரில் ஓய்வெடுத்துவிட்டு வரலாம். 2000ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பட்ட ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர்கள் படிப்பதால், வெளிநாட்டு முகங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதியவை அல்ல. தோக்கியோவில் நான்கே நாள் தங்குபவர்களிடம் மட்டும், இவ்வளவு தூரம் வராமல் அருகிலுள்ள ஹகோனே என்ற வெந்நீரூற்று ஊருக்குப் போய்வருமாறு சொல்லிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானம் கிடையாது. ஃபுகுவோக்கா வரை விமானத்தில் வந்து, அந்நகரின் ஹகாத்தா நிலையத்தில் சோனிக் விரைவு ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பெப்பு வந்துவிடும். தோக்கியோவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஓயிட்டாவுக்கு வந்தால், அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்.

ஒசாகாவில் சுற்றிப்பார்த்துவிட்டு வருபவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும்: மாலையில் புறப்பட்டு மறுநாள் காலையில் பெப்புத் துறைமுகத்தில் இறக்கிவிடும் சன்ஃபிளவர் கப்பல். ஒரு இரவு விடுதிச் செலவு மிச்சமாவதோடு, விடியற்காலையில் கப்பல் கரையை நெருங்கும்போது மலைச்சரிவெங்கும் வெள்ளை ஆவித் தூண்கள் எழுவதைத் தளத்தில் நின்றே பார்க்கலாம்.

காலையில் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாமா?

பார்ப்பதற்கு ஒரு நாள் போதும், ஓய்வெடுப்பதற்குப் போதாது. குறைந்தது 2 இரவுகள், முடிந்தால் 3 இரவுகள் ஒரே விடுதியில் தங்குங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது. நீண்ட பயணத்தில் உடல் வறண்டு களைத்திருக்கும். அந்தக் களைப்போடு சூடான நீரில் இறங்கி, ஏறி, ஓடி, மறுபடி இன்னொரு குளியலறையில் இறங்கினால் தலைசுற்றல், குமட்டல், கை கால் ஓய்ந்துபோதல் எல்லாம் வரும். இதற்கு ஜப்பானியர்கள் யுஅத்தாரி என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். குடியேறிய முதல் வாரத்தில் ஒரே நாளில் நான்கு குளியலறைகளுக்குப் போய்விட்டு, உடைமாற்றும் அறையின் பாய்மேல் நான் படுத்தே கிடந்தேன். முன்பின் அறியாத ஒரு பாட்டி நெற்றியில் ஈரத்துணி வைத்து விசிறினார்.

முன்காலத்தில் இங்கே வந்தவர்கள் அறுவடை முடிந்த விவசாயிகள். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று தங்கி, குளித்து, தூங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார்கள். தோஜி எனப்படும் அந்த வழக்கம் கன்னாவாவில் இன்னும் மறையவில்லை. நம்மால் மூன்று வாரம் ஒதுக்க முடியாதுதான். ஆனாலும் முதல் நாள் ஒரே ஒரு குளியல், அடுத்த நாள்களில் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று என்ற அளவை மட்டுமாவது அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

நவம்பர் முதல் மார்ச் வரை. குளிர்காற்று முகத்தில் பட, கழுத்துக்குக் கீழே வெந்நீர் சூழ்ந்திருக்கும் சுகத்தைக் கோடையில் பெற முடியாது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைத்துக் கொண்டாடும் ஓபோன், புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களிலும் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறிவிடும். ஜூனிலும் ஜூலையின் முற்பகுதியிலும் மழை விடாது.

ரியோகனில் தங்குவதா, சாதாரண ஓட்டலா?

ரியோகன் என்பது பாய் விரித்த அறை, தரையில் மெத்தை, இரவு உணவு, காலை உணவு, விடுதிக்குள்ளேயே வெந்நீர்க் குளியல் என எல்லாம் அடங்கிய மரபான விடுதி. வாடகையை அறைக்கு அல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்றே பெரும்பாலும் கணக்கிடுகிறார்கள். இரண்டு வேளை உணவோடு ஒருவருக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆவது சாதாரணம். இதைக் கவனிக்காமல், நான்கு பேருக்கு ஒரே வாடகை என்று எண்ணிப் பதிவு செய்துவிட்டுத் திகைத்தவர்கள் உண்டு. குளியல் வரி என்று ஒரு சிறு தொகையும் தனியாகக் கேட்பார்கள். பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு 150 யென், பெப்புவில் அறை வாடகையைப் பொறுத்து மாறும்.

இரவு உணவு ஆறு அல்லது ஏழு மணிக்குப் பரிமாறப்படும். தாமதமாகப் போனால் அடுப்பை மூடியிருப்பார்கள். தரையிலிருந்து எழுந்திருக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால், கட்டில் உள்ள அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வீட்டுச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு கஷிமா என்ற மூன்றாவது வகை விடுதி உண்டு. அதைப் பற்றிச் சாப்பாட்டுக் கேள்வியில் சொல்கிறேன்.

உடையில்லாமல் எல்லோர் முன்னாலும் குளிக்க வேண்டுமாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் "எல்லோர்" என்பது ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். இரு பகுதிகளுக்கும் வாசலிலேயே தனித்தனித் திரைச்சீலை தொங்கும். அதிலுள்ள எழுத்து 女 என்றிருந்தால் பெண்கள் பகுதி, 男 என்றிருந்தால் ஆண்கள் பகுதி. சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் பகுதிகளை மாற்றிவிடுவதால், நேற்றுப் போன கதவுதானே என்று நம்பாமல் ஒவ்வொரு முறையும் எழுத்தைப் பாருங்கள். நீச்சலுடையோ உள்ளாடையோ தொட்டிக்குள் கூடாது.

இந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே போனதும் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆவியில் பாதி உருவம் மறைந்துவிடுகிறது. கையில் சிறு துண்டு இருக்கிறது. எண்பது வயதுப் பாட்டியும் பள்ளிக்கூடச் சிறுமியும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடங்களைக் கடந்துவிட்டால் அடுத்த நாள் அந்த நினைப்பே வராது.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் வலிந்து போக வேண்டாம். குடும்பக் குளியலறை எனப்படும் கஸோகுபுரோவை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம்; கணவன், மனைவி, குழந்தைகள் சேர்ந்தே குளிக்கலாம். கங்கைஜி மேட்டிலுள்ள சுகினோய் ஓட்டலில், நீச்சலுடையோடு இருபாலரும் இறங்கக்கூடிய திறந்தவெளி வெந்நீர்க் குளம் உண்டு. யுகாத்தா என்ற பருத்தி அங்கியோடு படுக்கவைத்து, கழுத்துவரை சூடான மணலை மூடும் மணற்குளியலும் பெப்புவின் தனிச்சிறப்பு. அது அன்று நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

உள்ளே போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்? தப்பாகச் செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

செருப்பை வாசலில் விட்டு, உடையைக் கூடையில் வைத்து, சிறு துண்டோடு குளியலறைக்குள் போங்கள். தொட்டியில் இறங்குவதற்கு முன்பே உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி முடித்திருக்க வேண்டும். சுவரோரத்தில் வரிசையாகக் குழாயும், தாழ்வான முக்காலியும், சிறு வாளியும் இருக்கும். முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றால் பக்கத்திலிருப்பவர்மேல் நீர் தெறிக்கும். நுரை ஒரு துளிகூட இல்லாமல் அலசி, முக்காலியையும் கழுவி வைத்துவிட்டுத் தொட்டிக்கு வாருங்கள். நீளமான கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். துண்டு தொட்டிநீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது வழக்கம்.

தெருமுனைகளில் இருக்கும் சிறிய பொதுக்குளியலறைகள் வேறு மாதிரி. பலவற்றில் குழாயும் சோப்பும் இருக்காது. உடைமாற்றும் இடமும் தொட்டியும் ஒரே அறையில் இருக்கும். தொட்டியின் விளிம்பில் குந்தி, வாளியால் நீரை மொண்டு முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், இடுப்பில், தோளில் என்று கீழிருந்து மேலாக ஊற்றிக்கொள்ள வேண்டும். அழுக்கைக் கழுவ மட்டுமல்ல, சூட்டுக்கு உடம்பைப் பழக்கவும்தான் இந்த வரிசை. இங்கே நீர் 43 டிகிரியையும் தாண்டிக் கொதிக்கும். பச்சைத்தண்ணீர்க் குழாயை நாமாகத் திறந்துவிடாமல், உள்ளே இருப்பவர்களிடம் சைகையாலாவது கேட்பது மரியாதை. 1879இல் தொடங்கி, 1938இல் கட்டிய கட்டடத்தில் இன்றும் நடக்கும் டகெகவாரா குளியலறையை இந்த வகைக்கு முதல் அனுபவமாக வைத்துக்கொள்ளலாம்.

தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கலாமா? வெந்நீர் என்றால் எண்ணெய்க் குளியல் நினைவுக்கு வருகிறது.

கூடாது. அத்தனை பேரும் இறங்கும் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால், தொட்டியைக் காலிசெய்து கழுவ வேண்டிவரும். பயணத்துக்கு முந்தின நாள் வீட்டில் தேய்த்துக் குளித்துவிட்டு வாருங்கள். தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் ஷாம்பூவால் அலசிய பிறகே தொட்டிக்கு வர வேண்டும்.

தாலியையும் மெட்டியையும் கழற்ற வேண்டுமா?

இதைப் பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள், பெரும்பாலும் தனியே அழைத்துக் கேட்கிறார்கள். கழற்றச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், முடிவு உங்களுடையது. நீரின் தன்மையை மட்டும் சொல்கிறேன். மியோபான் பகுதியில் உள்ளது கந்தகம் கலந்த நீர். கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் வெள்ளி கறுத்துவிடும். மெட்டியும் கொலுசும் ஒரே குளியலில் கரிபிடித்தாற்போல் ஆகிவிடும். பிறகு தட்டானிடம் கொடுத்து மெருகேற்றிக்கொள்ளலாம் என்றாலும் மனம் சங்கடப்படும். அந்தப் பகுதிக்குப் போகும் நாளில் வெள்ளியை விடுதி அறையிலேயே பத்திரப்படுத்திவிடுங்கள்.

தங்கம் கந்தகத்தால் கறுப்பதில்லை. ஆனால் 22 காரட் நகையில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் சற்றே நிறம் மங்க இடமுண்டு. கழற்ற மனமில்லாதவர்கள் சங்கிலிக்குப் பதிலாக மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு வருவதுண்டு; அப்படியானால் மஞ்சள் சாயம் நீரில் இறங்காதபடி முன்பே நன்றாக அலசிய கயிறாக இருக்கட்டும். கந்தகம் இல்லாத குளியலறைகளில் இந்தக் கவலை வேண்டியதில்லை.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ரியோகன் உணவில் மீன் தவிர்க்க முடியாதது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் மீனைவிடக் கண்ணுக்குத் தெரியாத மீன்தான் சிக்கல். டாஷி எனப்படும் அடிப்படைச் சாறு பெரும்பாலும் உலர்த்திய மீன்சீவலிலிருந்து எடுக்கப்படுகிறது. மிசோ சூப், காய்கறிக் கூட்டு, நூடுல்ஸ் ரசம் எல்லாவற்றிலும் அது இருக்கும். "இறைச்சியும் மீனும் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் டாஷி சேர்த்த காய்கறியே வரும். மீன் டாஷியும் கூடாது, கடற்பாசி டாஷி சம்மதம் என்று பதிவு செய்யும்போதே ஜப்பானிய மொழியில் எழுதி, பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

இதற்கு கன்னாவா தரும் விடை அருமையானது. பூமியிலிருந்து பீறிடும் ஆவியைக் கல் அடுப்புக்குள் செலுத்தி, அதன்மேல் மூங்கில் தட்டில் காய்கறியை வைத்து மூடிவிடுகிறார்கள். ஜிகோகுமுஷி என்று பெயர். நம் இட்லிப் பானையின் தத்துவம்தான், அடுப்பு மட்டும் பூமிக்குள் எரிகிறது. சர்க்கரைவள்ளி, பூசணி, சோளக்கதிர், முட்டைகோஸ் எல்லாம் எண்ணெயில்லாமல் வெந்து, ஆவியின் லேசான உப்புச் சுவையோடு வரும். பொதுமக்கள் அடுப்பை வாடகைக்கு எடுத்துத் தாங்களே அவித்துச் சாப்பிடும் கூடம் கன்னாவாவில் இருக்கிறது. அதே அடுப்பில் பிறர் மீனும் நண்டும் அவிப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அது ஒவ்வாதவர்கள் கஷிமாவில் அறை எடுக்கலாம். தோஜிக்காரர்களுக்கென்றே ஏற்பட்ட எளிய விடுதி அது. சமையலறையும் பாத்திரமும், பல இடங்களில் முற்றத்தில் ஆவி அடுப்பும் உண்டு. அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், ஊறுகாய் ஆகியவற்றோடு என் சித்தி குடும்பம் அங்கே ஐந்து நாள் தங்கியது. ஆவி அடுப்பில் வெந்த கத்தரிக்காயை மசித்துச் செய்த கொத்சுவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம், அப்பாவுக்குச் சர்க்கரை. அழைத்துப் போகலாமா?

மருத்துவரிடம் கேட்டுவிட்டு அழைத்துப் போகலாம். காய்ச்சல், கடுமையான இதய, நுரையீரல், சிறுநீரக நோய், கடுமையான ரத்தசோகை, ரத்தக்கசிவு ஆகியவை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று ஜப்பானின் அதிகாரப்பூர்வ அறிவுரையே சொல்கிறது. முதியவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் 42 டிகிரியோ அதற்கு மேலோ உள்ள நீரில் இறங்கக்கூடாது. எனவே மேலே சொன்ன தெருமுனைக் குளியலறைகள் அம்மாவுக்கு வேண்டாம். விடுதியின் மிதமான தொட்டி போதும். ஐந்து நிமிடம், அதுவும் மார்புவரை மட்டும் நனைந்தால் போதும். நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் குறைந்து தலைசுற்றும். விளிம்பைப் பிடித்து, சிறிது நேரம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயில் இரண்டு ஆபத்துகள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துவிட்ட பிறகே கண்ணில் படும். உடன் வருபவர் கையால் நீரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டவுடன் வெந்நீரில் இறங்கினால் மருந்து வேகமாக உடம்பில் ஏறிச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அதனால் வரும் வியர்வையைக் குளியலின் வியர்வை என்று தவறாக எண்ணிவிடுவோம். வெறும் வயிற்றிலும் தனியாகவும் அவரை அனுப்பாதீர்கள். மது அருந்திவிட்டுக் குளிப்பது யாருக்குமே ஆபத்து.

மூட்டுவலி குணமாகிவிடுமா?

வெந்நீரில் தசை இளகுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, நீரின் மிதப்பில் மூட்டின்மேல் பாரம் குறைகிறது. இரண்டு மூன்று நாள் வலி தணிந்திருப்பதைப் பலர் உணர்கிறார்கள். அது இதமே தவிர, நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல. மாத்திரைகளை நிறுத்திப் பார்க்க வேண்டாம்.

இதையொட்டி ஒரு இடத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். 1276இல் இப்பென் என்ற துறவி ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் ஆவிக்குளியலறை கன்னாவாவில் இருக்கிறது. சிறு கதவு வழியாகக் குனிந்து நுழைந்து, செகிஷோ என்ற மூலிகை பரப்பிய சூடான தரையில் மெல்லிய உடையோடு படுக்க வேண்டும். செகிஷோ நம் வசம்புக்கு நெருங்கிய உறவுச் செடி. இருட்டுக்குள் அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் குழந்தைக்கு வசம்பு உரைக்கும் வீடுதான் நினைவுக்கு வந்தது. வெப்பம் கடுமையாக இருக்கும். பத்து நிமிடத்துக்குள் எழுந்துவிட வேண்டும். முந்தைய கேள்வியில் சொன்னவர்களுக்கு இது ஏற்றதல்ல.

மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். அறிவிப்புப் பலகையில் கூடாது என்று போட்டிருக்கிறதே?

பழைய பலகையாக இருக்கலாம். குளிக்கக்கூடாதவர்கள் பட்டியலிலிருந்து கர்ப்பிணிகளை ஜப்பான் அரசு 2014இல் நீக்கிவிட்டது. ஆனாலும் அதிகச் சூடு, வழுக்கும் கல்தரை, தலைசுற்றல் ஆகிய மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. அவரைக் கவனிக்கும் மருத்துவர் சம்மதித்தால், குடும்பக் குளியலறையை எடுத்து, மிதமான நீரில் சில நிமிடங்கள் மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கக் குளிக்கட்டும்.

மகனுக்கு எட்டு வயது. என்னோடு பெண்கள் பகுதிக்கு அழைத்துப் போகலாமா?

முடியாது. அரசின் வழிகாட்டுதல் 2020இல் மாறியதிலிருந்து, பெரும்பாலான இடங்களில் ஏழு வயதான குழந்தைகள் எதிர்பாலினர் பகுதிக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. தந்தை உடன் வராவிட்டால் குடும்பக் குளியலறைதான் வழி. டயப்பர் பழக்கம் விடாத குழந்தைகளைப் பொதுத் தொட்டியில் இறக்கக்கூடாது.

பயணத்தின் நடுவில் மாதவிலக்கு வந்துவிட்டால்?

அந்த நாள்களில் பொதுத் தொட்டியில் இறங்குவதில்லை என்பது அங்குள்ள பெண்களும் கடைப்பிடிக்கும் நாகரிகம். அறையில் ஷவரில் குளித்துக்கொள்ளலாம். தெருவோரங்களில் பாதம் மட்டும் நனைக்கும் தொட்டிகள் பல இடங்களில் இருக்கின்றன. கால் மணி நேரம் காலை நனைத்தாலே இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும்.

கையில் பச்சை குத்தியிருக்கிறேன். உள்ளே விடுவார்களா?

ஜப்பானில் பல இடங்களில் விடமாட்டார்கள். அங்கே பச்சை குத்துவது நெடுங்காலமாகக் குற்றக் கும்பல்களோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. நம் பாட்டிமார் கையிலிருக்கும் பச்சைக் கோலத்துக்கு அங்கே விளக்கம் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெப்பு இதில் மற்ற ஊர்களைவிடத் தாராளமானது. சிறியதாக இருந்தால் தோல்நிற ஒட்டுப்பட்டையால் மறைக்கலாம். பெரியதாக இருந்தால் முன்பே கேட்டுவிடுங்கள், அல்லது குடும்பக் குளியலறைக்குப் போங்கள்.

"நரகங்கள்" என்று படத்தில் நீலமும் சிவப்புமாகக் குளங்கள் இருக்கின்றனவே, அவற்றில் குளிக்கலாமா?

அவை கொதிக்கும் ஊற்றுகள், பார்ப்பதற்கு மட்டுமே. கடல் நரகம் என்ற நீலக் குளத்தின் நீர் 98 டிகிரி. இப்படி ஏழு இடங்களைச் சேர்த்து ஒரே சீட்டில் பார்க்கலாம். ஐந்து கன்னாவாவில் நடக்கும் தூரத்தில் உள்ளன, இரத்தக் குளமும் சுழல்காற்று ஊற்றும் பேருந்தில் போகும் தூரத்தில் உள்ளன. சுழல்காற்று ஊற்று 30 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடும். ஏழையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். சீட்டு இரண்டு நாளுக்குச் செல்லும். ஓய்வுக்காக வந்தவர்கள் முதல் நாள் மூன்று, மறுநாள் இரண்டு என்று நிறுத்திக்கொண்டாலும் குறையொன்றுமில்லை.

கிளம்பும் நாள் காலையிலும் ஒருமுறை குளித்துவிட்டுப் போகலாமா?

தாராளமாக. விடுதித் தொட்டிகள் விடியற்காலையிலேயே திறந்திருக்கும்; அந்த நேரத்தில் கூட்டமும் இருக்காது. ஆனால் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது குளியலை முடித்து, இரண்டு குவளை தண்ணீர் குடித்து, வியர்வை அடங்கும்வரை உட்கார்ந்த பிறகே பெட்டியைத் தூக்குங்கள். மென்மையான நீரென்றால் மேலே வேறு தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்துக்கொண்டு வரலாம். மியோபானின் அமில நீரில் குளித்திருந்தால், குறிப்பாகத் தோல் எளிதில் எரிபவர்கள், நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். ஈரத்துண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை எடுத்து வையுங்கள். கந்தகக் குளியலுக்குப் பயன்படுத்திய துண்டானால் இரண்டு பை. அந்த வாசனை பெட்டியிலுள்ள அத்தனை துணியிலும் ஏறிவிடும், இரண்டு முறை துவைத்த பிறகே போகும்.